கழுத்துவரை தாட்ட தக்காளி

வாடின செடியின் தண்டை வெட்டி ஒரு கிளாஸ் தண்ணிக்குள் பிடித்துப் பார் என்று 2023 சித்திரையில் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால், அடகுக்குப் போன இரண்டு காப்பும் இன்றைக்கு என் கையில் கிடந்திருக்கும். யாரும் சொல்லவில்லை. கேட்கவேண்டிய இடத்தில் நானும் கேட்கவில்லை. மரக்கறியில் ஒட்டுக் கன்று, அதாவது ஒரு செடியின் வேரில் இன்னொன்றின் தண்டை ஒட்டுவது என்ற விசயத்துக்குள் நான் வந்து விழுந்தது ஆசையில் இல்லை, வேறு வழி இல்லாமல். வந்த பிறகும் இரண்டு வருசம் தட்டுத் தடுமாறித்தான் கொஞ்சம் பிடிபட்டது. இனி இதில் இறங்குகிறவர்கள் என்னைப்போல் ஒவ்வொரு பள்ளத்திலும் விழுந்து எழும்பத் தேவையில்லை என்பதால் எழுதுகிறேன். இடையில் புலம்பலும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் காணி திருகோணமலையில் கன்னியாப் பக்கம், வெந்நீர்க் கிணற்றடிக்குக் கொஞ்சம் தள்ளி. அரை ஏக்கர் மேட்டுக்காணி, செம்மண், நடுவில் ஒரு கட்டுக்கிணறு. அப்பா நெடுகத் தோட்டம் செய்தவர், முழங்கால் ஏலாமல் போனதோடு விட்டுவிட்டார். 2022 இல் நாடு கிடந்த கிடையில் என் வீட்டுக்காரர் கட்டாருக்குப் போக, நான் தையல் மெசினை மூடி வைத்துவிட்டு மண்வெட்டியைத் தூக்கினேன். முதல் போகம் கால் ஏக்கரில் கத்தரி. பசளை விலை தலைக்கு மேல் இருந்த காலம், ஆனாலும் மரக்கறிக்கும் விலை இருந்தது, தப்பிவிட்டேன். கையில் கொஞ்சம் காசு தங்கியதும் எனக்கு ஒரு மிதப்பு வந்துவிட்டது. அடுத்த வருசம் அதே கால் ஏக்கரில், அதே பாத்தியில், தக்காளி போட்டேன். கத்தரி எடுத்த நிலத்தில் தக்காளி வைக்கக்கூடாது என்பது எனக்குத் தெரியாது. கத்தரி, தக்காளி, கொச்சிக்காய், உருளைக்கிழங்கு நாலும் ஒரே குடும்பம், ஒன்றின் நோய் மற்றதுக்கும் வரும். இலையையும் பூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே சொந்தம் விளங்கும். நான் வைத்துப் பார்த்தது 2,200 கன்று நட்ட பிறகு.

மாசியில் நட்டேன். பங்குனிக் கடைசியில் பூவும் பிஞ்சுமாகப் பார்க்க ஆசையாக இருந்தது. சித்திரையில் பின்னேரங்களில் இரண்டு மூன்று நாள் இடியோடு மழை அடித்தது. அதற்கு நாலாம் நாள் மத்தியானம் கிணற்றடி வரிசையில் பத்துப் பன்னிரண்டு செடி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. வெயிலுக்குத்தான் என்று நினைத்தேன், ஏனென்றால் பின்னேரம் நிமிர்ந்துவிட்டது. அடுத்த நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் நிமிரவில்லை. இலை மஞ்சளாகவில்லை, புள்ளி இல்லை, பூச்சி இல்லை. பச்சை பச்சையாகவே, சுடுதண்ணி ஊற்றின கீரை மாதிரிச் சோர்ந்து கிடந்தது. இந்தப் பச்சைதான் அடையாளம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பங்கசால் வரும் வாடலில் பெரும்பாலும் அடி இலை முதலில் மஞ்சளாகும், ஆறுதலாகப் போகும். பச்சையாக நின்றபடி இரண்டு மூன்று நாளில் சாய்ந்தால் பற்றீரியாவைச் சந்தேகிக்க வேண்டும்.

நான் ஒரு செடியைப் பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு மருந்துக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் பையைத் திறக்கவே இல்லை. "பங்கசுதான் தங்கச்சி, இதை வேருக்கு ஊத்துங்கோ" என்றார். ஊற்றினேன். ஐந்து நாளில் இன்னொரு வரிசை. திரும்பப் போனேன், இன்னும் விலை கூடின ஒன்று தந்தார். மூன்றாம் முறை இரண்டையும் கலந்து ஊற்றச் சொன்னார். மூன்று தடவைக்கும் சேர்த்து 38,500 ரூபாய். அவரில் முழுப் பிழை சொல்ல மாட்டேன், அவர் விற்க இருக்கிறவர். என்ன நோய் என்று தெரியாமல் மருந்து வாங்கினது நான்.

மே மாதம் விவசாயப் போதனாசிரியர் மிஸ் ஒருவர் வேறு வேலையாக எங்கள் ஒழுங்கையால் போனவர், வேலிக்கு வெளியே நின்றே பார்த்துவிட்டு மோட்டர் சைக்கிளை நிறுத்தினார். ஒரு கிளாஸ் தண்ணி கேட்டார். குடிக்க என்று நினைத்துப் பானைத் தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாடின செடியொன்றின் அடித்தண்டில் இரண்டு அங்குலம் வெட்டி, அதன் நுனியைத் தண்ணிக்குள் முட்டவைத்து அசையாமல் பிடித்தார். இரண்டு நிமிசம் இருக்கும். வெட்டின வாயிலிருந்து பால் நூல் மாதிரி வெள்ளையாக ஒன்று கீழே இறங்கிக்கொண்டு வந்தது. "பற்றீரியா வாடல் அக்கா. இதுக்கு ஊத்துற மருந்து ஒண்டும் இல்ல" என்றார். அந்த நூல் முழுக்கப் பற்றீரியாவாம். வேரில் இருக்கும் சின்னக் காயத்தால் உள்ளே போய், தண்ணி ஏறும் குழாயெல்லாம் நிறைந்து அடைத்துவிடுமாம். செடி ஈர மண்ணில் நின்றபடியே தாகத்தில் சாகிறது. எனக்கு அழுகை வந்தது, அவருக்கு முன்னால் அழக்கூடாது என்று கிணற்றடிக்குப் போனேன்.

அவர் போன பிறகுதான் என் கைப்படச் செய்த அநியாயங்கள் ஒவ்வொன்றாக விளங்கின. வாடின செடிகளைப் பிடுங்கி மண் உதிர உதிரத் தண்ணி வாய்க்கால் ஓரமாகப் போட்டிருந்தேன். நோய் மண்ணிலும் தண்ணியிலும் பரவும் சாமான். கிணற்றடியில் தொடங்கின நோய் வாய்க்கால் இறங்கின வழியே வரிசை வரிசையாகப் போனதை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஏன் அப்படிப் போகுது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. களை கொத்தும்போது வேரில் காயம், அதே மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த வரிசைக்கு. வாடினதைக் கண்டால் அந்த இடத்துக்குத் தண்ணியை நிறுத்துங்கள், செடியை மண்ணோடு சாக்கில் போட்டு வெளியே கொண்டுபோய் எரியுங்கள், அந்தப் பக்கத்து வேலையை நாளின் கடைசி வேலையாக வையுங்கள், முடிந்ததும் மண்வெட்டியையும் செருப்பையும் கழுவுங்கள். சும்மா கிடக்கும் நிலத்திலும் களைகளின் வேரை அண்டி இது வருசக்கணக்காக இருக்குமாம். தம்பலகாமம் மாதிரி வயல் நிலமென்றால் ஒரு போகம் நெல் போட்டுத் தண்ணி கட்டினால் நல்லாகக் குறையும். எங்கள் மேட்டுக்காணியில் தண்ணி கட்ட எங்கே போவது?

விதை 11,000, உழவும் பாத்தியும் 14,000, பசளை 33,000, கம்பும் கயிறும் 26,000, கூலி 42,000, மேலே சொன்ன மருந்து. எல்லாமாக 1,64,500. விற்றது 21,000 ரூபாய்க்கு. காப்பு இரண்டும் வங்கிக்குப் போனது அந்த வருசம்தான். இவருக்குப் போனில் பாதிதான் சொன்னேன்.

கோபத்தில் அதே நிலத்தில் 400 கொச்சிக்காய்க் கன்று வைத்தேன், பாதி வாடிச் செத்தது. அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

ஒட்டுக்கட்டல் பற்றி முதலில் சொன்னதும் அந்த மிஸ்தான். மாங்கன்று ஒட்டுவது போல மரக்கறிக் கன்றையும் ஒட்டலாம், கீழே நோய் தாங்கும் வேர், மேலே நமக்கு வேண்டிய காய். நான் சிரித்தேன், ஈர்க்கு மொத்தமும் இல்லாத தண்டை எப்படி ஒட்டுவது என்று. பிறகு தமிழ்நாட்டுக்காரர்கள் போட்ட வீடியோக்களை இரவிரவாகப் பார்த்தேன். ஜப்பானிலும் கொரியாவிலும் 1920களின் கடைசியிலேயே வத்தகப்பழக் கொடியைச் சுரைக்கொடியில் ஒட்டத் தொடங்கிவிட்டார்களாம், அதுவும் இதே மாதிரி மண்ணால் வந்த ஒரு வாடலுக்குத்தான். அங்கே கத்தரியையும் தக்காளியையும் பிறகு ஒட்டினார்கள். தைவானில் உள்ள உலக மரக்கறி மையம், மழைக்காலத் தக்காளிக்கு ஈஜி 203 என்ற கத்தரி இனத்தை ஒட்டுக்கட்டையாக, அதாவது கீழ் வேராகச் சொல்லுகிறது. அந்த இனத்தின் வேர் பற்றீரியாவையும் தாங்கும், கொஞ்ச நேரம் தண்ணி தேங்கினாலும் தாங்கும். வேர்முடிச்சுப் புழுவுக்கு மட்டும் சாதாரணக் கத்தரியை நம்பாதீர்கள், அதுக்குச் சுண்டங்கத்தரிதான் கெட்டி.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. நான் இப்படி ஒட்டப்போகிறேன் என்று கேள்விப்பட்ட ஒரு அண்ணன், வேலியோரம் ஊமத்தை செழிப்பாக நிற்குதே, அதுவும் கத்தரிச் சாதிதானே, அதில் ஒட்டு என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஊமத்தையில் ஒட்டினால் தக்காளி நல்லாகவே வளரும். ஆனால் ஊமத்தை வேரில் உண்டாகும் நஞ்சு மேலே ஏறிப் பழத்துக்குள் போகும். அமெரிக்காவில் 1960களில் அப்படி ஒட்டின செடியின் பழத்தைத் தின்ற குடும்பம் ஒன்று ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறது. ஒரே குடும்பம் என்பதற்காக எதையும் எதிலும் ஒட்டாதீர்கள்.

என் முதல் பிழை சுண்டங்கத்தரி. வேலியெல்லாம் தானாக முளைத்து நிற்பது, செலவில்லை, வாடலும் அண்டாது என்று கேள்வி. பழுத்த காயைப் பிசைந்து விதை எடுத்துத் தும்புச்சோறு நிரப்பின தட்டில் போட்டேன். ஒரு கிழமை, இரண்டு கிழமை, ஒன்றையும் காணோம். தட்டைக் கொட்டப் போன அன்றைக்குத்தான் ஒன்றிரண்டு தலை காட்டினது, பிறகும் ஒரு மாதம் வரை ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தது. புதிதாக எடுத்த விதைக்கு உறக்கம் உண்டு. நல்லாகக் கழுவி, நிழலில் காயவைத்து, சில மாதம் வைத்துப் போட்டால் ஓரளவு சேர்ந்து முளைக்கும். அப்போதும் மேலே ஒட்டப்போகும் கத்தரி விதையை விட ஒரு மாதம் முந்திப் போட வேண்டும். இரண்டு தண்டும் ஒரே மொத்தமாக இல்லையென்றால் ஒட்டு வேலையே இல்லை, அதனால் கணக்குப் பிசகுமென்று ஐந்து நாள் இடைவிட்டு இரண்டு மூன்று தடவையாக விதைப்பேன் இப்போது.

சுண்டங்கத்தரி வேரில் தக்காளியாக முதல் 200 கன்றை ஒரு பகல் முழுக்க இருந்து ஒட்டினேன். ஏழு மணித்தியாலம், கழுத்து முறிந்துவிட்டது. புது பிளேட்டால் இரண்டு தண்டையும் ஒரே சரிவில் வெட்டி, சைக்கிள் வால்வுக்குப் போடும் மெல்லிய ரப்பர் குழாயைச் சின்னத் துண்டுகளாக்கி, அதற்குள் இரண்டு பக்கமும் செருகி முட்டவைப்பதுதான் வேலை. இடையில் வெளிச்சம் தெரியக்கூடாது. ஒட்டி முடித்து, ஈரப்பதம் வேண்டுமே என்று முற்றத்தில் பொலித்தீன் கூடாரம் கட்டி உள்ளே வைத்தேன். புரட்டாசி வெயில். இரண்டாம் நாள் திறந்தால் அவித்த கீரை வாசம். 200இல் ஒன்றும் மிஞ்சவில்லை. கூடாரம் ஈரமாக இருந்தால் போதாது, சூடேறவும் கூடாது. ஒட்டின கன்றின் மேல் துண்டு வேர் இல்லாத மாதிரித்தான், தானாகத் தண்ணி குடிக்க அதுக்கு நாலைந்து நாள் செல்லும். அதுவரை இலை காயாமல் நாம்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாம் தடவை வீட்டுக்கு வடக்குப் பக்க விறாந்தையில், வெயில் எட்டாத மூலையில் கல் அடுக்கி, ஈர மணல் பரப்பி, அதன் மேல் தட்டு, அதற்கு மேல் பொலித்தீன், பொலித்தீனுக்கு மேல் நனைத்த சாக்கு. சாக்கு காயக்காய நனைக்க வேண்டும், பகலில் நாலைந்து தடவை. 61 பிடித்தது. செத்தவற்றைப் பார்த்தால், நான் ஆசையில் தினமும் திறந்து பார்த்து இலைக்குத் தண்ணி தெளித்ததில் வெட்டு வாய்க்குள் தண்ணி போய் அழுகியிருந்தது. தண்ணியை மணலுக்கும் கூடாரச் சுவருக்கும் மட்டும் தெளியுங்கள். முதல் மூன்று நாள் திறக்கவே வேண்டாம், முழு நிழல். நாலாம் நாள் விடிய ஒரு பத்து நிமிசம் திறந்து வாடுதா என்று பாருங்கள், வாடினால் உடனே மூடுங்கள். இப்படிக் கூட்டிக் கூட்டி ஏழு எட்டு நாளில் வெளியே எடுக்கலாம், அதற்குப் பிறகும் ஒரு கிழமை அரை நிழலில் வைத்துப் பழக்க வேண்டும். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு ஒட்டுவது, கையையும் பிளேட்டையும் ஸ்பிரிட்டால் துடைப்பது, ஐம்பது வெட்டுக்கு ஒரு புது பிளேட். மூன்றாம் தடவை 200இல் 148 வந்தது. இப்போது 170க்குக் கீழே போவதில்லை, வேகமும் மணிக்கு நாற்பது ஐம்பதுக்கு வந்துவிட்டது. கன்று ஒன்றுக்குச் செலவு 22 ரூபாய் அளவில் முடியுது, என் கழுத்து நோவுக்குக் கூலி போடாமல்.

அந்த 61 சுண்டங்கத்தரித் தக்காளியை மாரி மழை ஓய்ந்து 2024 தையில் நட்டேன். சத்தியமாக ஒன்றுகூட வாடவில்லை. ஆனால் வளரவும் இல்லை. ஒட்டுக்கு மேலே தண்டு வீங்கி, கீழே மெலிந்து, வயிறு ஊதின பிள்ளை மாதிரி நின்றது. பல செடிகளில் இலை வெளிறியது. பங்குனியில் காற்று கொஞ்சம் பலக்க ஒட்டின இடத்திலேயே மளுக் மளுக்கென்று முறிந்தது. தக்காளிக்கும் சுண்டங்கத்தரிக்கும் பொருத்தம் அவ்வளவு இல்லை. கத்தரிக்குத்தான் அது சோடி. சாதகம் பார்க்காமல் செய்த கல்யாணம் என்று அம்மா சொன்னார், அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தக்காளிக்குக் கீழே கத்தரி வேண்டும், ஆனால் எல்லாக் கத்தரியும் தாங்காது. 2022இல் நான் செய்த கத்தரியிலேயே அங்கொன்று இங்கொன்று வாடினது இப்போது ஞாபகம் வந்தது, அன்றைக்கு அதை நான் பொருட்படுத்தவில்லை. ஈஜி 203 விதைக்கு நான் எங்கே போவேன்? அதனால் 2023 புரட்டாசியிலேயே, மிஸ் சொன்னபடி, அதிகம் செத்த கிணற்றடிப் பாத்தியில் கைக்குக் கிடைத்த நாலு வகைக் கத்தரியிலும் இருபது இருபது நட்டு வைத்திருந்தேன். இரண்டு வகை முக்கால்வாசி செத்தது. ஒன்று பாதி. கிளிவெட்டியிலிருந்து பெரியம்மா கொடுத்துவிட்ட ஊர் விதையில் இருபதில் பதினெட்டு நின்றது. அதில்தான் பழுக்கவிட்டு விதை எடுத்தேன். பக்கற்றில் வரும் கலப்பின விதையில் இப்படி எடுத்தால் அடுத்த தலைமுறை தாய் மாதிரி வராது. ஊர் விதை என்றபடியால் சரிவந்தது. உங்கள் காணியில் உங்கள் நோய்க்கு எது தாங்குதென்று உங்கள் மண்ணில் வைத்துத்தான் பார்க்க வேண்டும், ஒரு போகம் போகும், போனால் போகட்டும். காசுக்கு ஒட்டுக் கன்று வாங்குகிறவர்கள் மேலே என்ன இனம் என்று மட்டும் கேட்காதீர்கள், கீழே என்ன வேர் என்றும் கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

இனித்தான் தலைப்பில் சொன்ன கதை. கத்தரி வேரில் ஒட்டின 148 தக்காளியையும் 2024 வைகாசியில் நட்டேன். சின்ன வயதில் அப்பா எனக்குச் சொல்லித்தந்த முதல் தோட்ட வேலை தக்காளி நடுவது. "கழுத்துவரைக்கும் தாட்டு மகள், தண்டெல்லாம் வேர் விடும், செடி சாயாது." அது உண்மை, தக்காளித் தண்டு மண்ணைத் தொட்ட இடமெல்லாம் வேர் விடும். அந்தக் கை நாற்பது வயதிலும் அப்படியே தாட்டது. ஒட்டின கன்றுகளில் ஒரு எழுபதை ஒட்டு மறைய மறைய நட்டுவிட்டு, மிச்சத்தைக் கூலிக்கு வந்த மாமியிடம் கொடுத்தேன். அவர் கன்று கோணலாக இருந்ததால் மேலாக வைத்து நட்டார், அது அவரை அறியாமல் செய்த புண்ணியம்.

ஒன்றரை மாதம் எல்லாம் ஒன்றுபோலத்தான் வளர்ந்தது. ஆனியில் கச்சான் தொடங்கியது. வெளியூர்க்காரர் நிலக்கடலை என்று நினைக்க வேண்டாம், மேற்கிலிருந்து நெருப்பு மாதிரி வீசும் காற்றைத்தான் நாங்கள் கச்சான் என்போம். செடி ஆடுதே என்று, மண் அணைக்கச் சொன்னேன். வேலைக்கு வந்த தம்பி வழக்கம்போல அரை முழத்துக்கு அணைத்துக் கட்டினான். அழகாக இருந்தது, போட்டோகூட எடுத்து இவருக்கு அனுப்பினேன். மூன்றாம் கிழமை மத்தியானம் ஒரு செடி தலை தொங்கினது. ஓடிப்போய்க் கிளாசில் தண்ணி எடுத்து வந்தேன். பால் நூல் இறங்கினது. ஒரு வருசம், மூன்று தடவை ஒட்டு, ஆயிரம் தடவை சாக்கு நனைத்தது எல்லாம் அந்தக் கிளாசுக்குள் கரைந்து போனது மாதிரி இருந்தது. அங்கேயே வரம்பில் இருந்துவிட்டேன்.

பிடுங்கிக் கழுவிப் பார்த்தபோது விசயம் கண்முன்னால் இருந்தது. கீழே கத்தரி வேர் வெள்ளையாகச் சுகமாக இருக்குது. ஒட்டுக்கு மேலே தக்காளித் தண்டிலிருந்து புது வேர் ஒரு கற்றை மண்ணுக்குள் போயிருக்குது. நோய் அந்த வேரால் ஏறியிருக்குது. பெரிய கதவைப் பூட்டிவிட்டு யன்னலை நானே திறந்து கொடுத்திருக்கிறேன். ஆழ நட்டதிலும் மண் அணைத்ததிலுமாக 83 செடி போனது. மற்றதுக்கு அன்று இரவே டோர்ச் அடித்து மண்ணைக் கையால் விலக்கினேன். வேர் விட்டிருந்தவற்றில் அதை பிளேட்டால் சீவினேன். 65 தப்பியது, அதில் 52 மாமி நட்டது.

ஒட்டின கன்றில் ஒட்டு இடம் மண்ணுக்கு மேலே மூன்று நாலு விரல் தெரிய வேண்டும், கடைசி மட்டும். மண் அணைக்கக் கூடாது. அதனால் கம்பு முந்தியே நட வேண்டும், செடி சாயச் சாய அல்ல, நடும் அன்றைக்கே. தூறலோடு மண் தெறிக்காமல் இருக்க வைக்கோல் போடலாம், ஆனால் வைக்கோலும் ஒட்டில் முட்டக்கூடாது, அதன் ஈரத்துக்கும் வேர் விடும். ஒட்டுக்குக் கீழே கத்தரி தளிர் விடும், அதைக் கிழமைக்கொருக்கால் கிள்ள வேண்டும். விட்டால் தக்காளியைத் தின்றுவிட்டுக் கத்தரி மட்டும் நிற்கும், ஒரு செடியில் எனக்கு ஒரு பக்கம் தக்காளியும் ஒரு பக்கம் கத்தரிக்காயும் காய்த்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கூலிக்கு வருகிறவர்களுக்கு வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். இப்போது ஒவ்வொரு கன்றிலும் ஒட்டு இடத்தில் சிவப்புத் தையல் நூல் ஒரு சுற்றுக் கட்டி, நூல் தெரியாமல் மண் போட்டால் கூலி இல்லை என்று பகிடியாகச் சொல்லி வைத்திருக்கிறேன். தையல் மெசினை மூடினாலும் நூல் வீணாகவில்லை.

2025 தையில் சோடி பார்த்தே செய்தேன், சுண்டங்கத்தரியில் கத்தரி. இது தண்டுக்குப் போதிய மொத்தம் கிடைக்கும்வரை காத்திருந்து, கீழ்த் தண்டை நடுவில் அரை அங்குலம் பிளந்து, மேல் தண்டை ஆப்பு மாதிரிச் சீவிச் செருகிக் கிளிப் போடுவது. 320 செடி, அதே கிணற்றடிப் பாத்தி. வாடினது ஒன்பது. ஆவணிக் கடைசி வரை நாலைந்து நாளுக்கொருக்கால் பறித்தேன். கணக்குக் கொப்பியில் 1,870 கிலோ. கிலோ 90க்கும் போனது, ஒரு முறை 350க்கும் போனது. மொத்தமாக 2,90,000 அளவில் கைக்கு வந்தது. சந்தோசம்தான், ஆனால் ஒட்டுக் கட்டினால் எல்லாம் சரி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தண்டும் காயும் துளைக்கும் புழு ஒட்டுச் செடி சாதாச் செடி பார்ப்பதில்லை, காயில் நாலில் ஒன்றை அதுதான் தின்றது. தக்காளியில் வெள்ளை ஈ கொண்டுவரும் இலைச்சுருளுக்கும் வேர் மாற்றி ஒன்றும் ஆகாது. இது மண்ணிலிருந்து வரும் நோய்க்கு மட்டும். மண்ணில் நோய் இல்லாதவர் இந்தப் பாட்டுக்குப் போகத் தேவையும் இல்லை, சோளனையும் பயித்தையையும் மாற்றி மாற்றிப் போட்டு நிலத்தைக் காப்பாற்றினாலே போதும்.

காப்பில் ஒன்றை மீட்டுவிட்டேன். தக்காளி இந்த முறை பெரியம்மாவின் கத்தரி வேரில் 200 மட்டும், மழை விட்டதும் நட்டேன். அப்பாவுக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. பின்னேரங்களில் பொல்லை ஊன்றிக்கொண்டு பாத்தி வழியே வருவார், பொல்லின் நுனியால் ஒவ்வொரு கன்றடியிலும் மண்ணைக் கிளறி விலக்கி சிவப்பு நூல் தெரியுதா என்று பார்ப்பார். "தக்காளியைக் கழுத்து வெளியில விட்டு நடுறது எந்த ஊர்ப் பழக்கமோ" என்று எனக்குக் கேட்கக்கூடியதாகச் சொல்லிவிட்டு அடுத்த கன்றுக்குப் போவார்.